ஐரிஸ் பார்க்காத ஓட்டங்கள்

ஐரிஸ் தொலைக்காட்சியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். விறாந்தையில் கிடந்த கதிரைகளை உள்ளே கொண்டுவந்து போட்டார். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சுடுதண்ணிப் போத்தலை நிரப்பி வைத்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போக ஆயத்தமானார். மகன் கிரிக்கெட்டில் துடுப்பாட வரும்போதெல்லாம் நடக்கிற காரியம் இது. தெருவில் பாதிப் பேர் அவருடைய வீட்டில் குந்தியிருந்து பார்ப்பார்கள், அவர் மட்டும் இருக்கக் கூடாது. அவ்வளவு பெரிய தொலைக்காட்சியை அம்மாவுக்கென்று வாங்கி அனுப்பியவனும் அதே மகன்தான்.

றயனை யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்து மைதானத்திலிருந்து இலங்கை அணிக்குப் போனவன். லண்டனிலும் மெல்பேணிலும் சதம் அடித்தவன். எந்தச் சதத்தை எந்தப் பந்தில் எந்தப் பக்கம் தட்டி எடுத்தான் என்று நித்திரையிலும் சொல்லக்கூடிய ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். பெற்ற ஐரிஸ் பார்த்தது இரண்டே இரண்டு பந்து. பள்ளிக்கூடக் காலத்துப் பெரிய மச் ஒன்றுக்கு இடியப்பப் பெட்டியோடு போய் மைதானக் கரையில் நின்று பார்த்தார். அவர் பார்த்த முதல் பந்திலேயே விக்கெட் பறந்தது. பிறகு அவனுடைய முதல் வெளிநாட்டு ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் பந்திலேயே போனான். அத்தோடு றயனின் பெரியப்பா றிச்சர்ட் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ற் சேர்ச்சில் வேதம் வாசிக்கிறவர், சகுனம் பார்க்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "இது சகுனமில்லை. அனுபவம்" என்றார். அதற்குப் பிறகு றயன் ஓட்டங்களைக் குவித்ததால் அவருடைய அனுபவத்தை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

இன்றைக்குக் கொழும்பில் நடப்பது றயனின் கடைசி ஆட்டம். நேற்றுப் பின்னேரம் எண்பத்தொரு ஓட்டத்தோடு ஆட்டமிழக்காமல் போயிருந்தான். காலையில், மைதானத்துக்குக் கிளம்ப முதல், போன் எடுத்தான்.

"அம்மா, இண்டைக்கு வீட்டிலை இருந்து பாருங்கோ. இதுக்குப் பிறகு ஒண்டுமில்லை."

"பெரியப்பா பேசுவார் மோனை."

"அவரை நான் பாக்கிறன். நீங்கள் என்னைப் பாருங்கோ."

முதல் ஆளாக வந்த றிச்சர்டிடம் ஐரிஸ் இதைச் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் பிள்ளை, அப்பிடித்தான் சொல்லுவான். ஒரு நூறு அடிச்சு முடிக்கட்டும், பிறகு ஆறுதலா இருந்து பாருமன்." பின்னால் வந்து நின்றவர்களும் ஐரிஸின் முகத்தைப் பார்த்தார்கள். ஐரிஸுக்குக் கோபம் வந்தது. ஆனால் றிச்சர்ட் அத்தானோடு சண்டை பிடிக்க முடியவில்லை. தன்னுடைய கண்ணில்தான் ஏதோ பிழை என்று ஐரிஸும் பாதி நம்பினார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம் ஜலீலாவின் வீடு. புத்தளத்தில் பல வருசம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கூரை போட்டுக் குடியேறியவள். குசினியில் போனைச் சீனிப் பேணியில் சாத்தி வைத்து மச் பார்த்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஐரிஸ் அங்கே போய், போனுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து இருந்து, முருங்கையிலை ஆயத் தொடங்கினார். கேட்காமலே ஜலீலா சத்தத்தை நிறுத்தினாள்.

"நிக்கிறானோ?"

"ஓம், நிக்கிறான்."

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டார். ஓம் என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டது. தன் வீட்டுக் கதிரைகளில் இருந்து கண்டவனெல்லாம் பார்க்கிறான் என்று ஐரிஸுக்குப் பொறாமையாகவே இருந்தது.

"தொண்ணூத்தாறு" என்றாள் ஜலீலா. "திரும்பிப் பாருங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"இண்டைக்கு விட்டால் பிறகு எப்ப பாக்கப்போறியள்?"

"நான் பாத்து, அவன் போயிட்டான் எண்டால்? சாகுமட்டும் என்ரை கண்தான் எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கவேணும் ஜலீலா."

ஜலீலா வெங்காயத் தோலைக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் 'ஐயோ' என்று எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். பிறகு சத்தமே இல்லை. கதிரை ஒன்று இழுபடுவது மட்டும் கேட்டது. ஐரிஸின் கை இலைக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"போயிட்டான்" என்றார்.

ஜலீலா போனைக் குனிந்து பார்த்தாள். "இல்லையே அக்கா. இஞ்சை நிக்கிறான். கையுறையை இறுக்கிக்கொண்டு நிக்கிறான்." ஒரு கணம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. "போனிலை ரிவியை விடப் பிந்தித்தான் வரும். ஒரு பந்து பிந்தும்."

ஐரிஸ் அதை மெல்ல யோசித்தார். அங்கே, தன் வீட்டில், எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே இன்னும் முடியவில்லை. நடக்க வேண்டியது நடந்துவிட்டது, அதுவும் தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்துவிட்டது. இனி யாருடைய கண்ணும் அவனை ஒன்றும் செய்யாது. கையைச் சட்டையில் துடைத்தார்.

"கொண்டா" என்று போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

உள்ளங்கையளவில் றயன் நின்றான். கழுத்தில் வியர்வை வழிந்தது. தோளால் கன்னத்தைத் துடைத்தான். அவசரமில்லாமல் சுற்றிவர ஆட்களைப் பார்த்தான். துடுப்பின் நுனியால் நிலத்தை இரண்டு தரம் தட்டினான். இவ்வளவு வடிவாக நிற்பான் என்று ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"சத்தத்தைக் கூட்டட்டோ அக்கா?"

"வேண்டாம்."

மதிலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று கிளம்பியது. "ஐரிஸ், இனி வாரும்" என்று றிச்சர்ட் கூப்பிட்டார். ஐரிஸ் காதில் வாங்கவில்லை. பந்துவீச்சாளன் தூரத்தில் திரும்பி ஓடி வரத் தொடங்கினான்.

"ஆறுதலா அடி மோனை" என்றார் ஐரிஸ்.

றயன் துடுப்பை உயர்த்தினான்.