விடாமல் கண்ணடிக்கும் பின்விளக்கு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்த இடம் என் தொப்பை. சைக்கிள் ஓட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். கடைக்குப் போனேன். கடைக்காரர் சைக்கிளைக் காட்டுவதற்கு முன்னால், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு டப்பா ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ராடார் லைட்டு சார். சீட்டுக்குக் கீழே மாட்டணும். பின்னாடி வண்டி வந்தா இதுக்குத் தெரிஞ்சுடும். ஹேண்டில்பார்ல ஒரு குட்டித் திரை இருக்கு, அதுல ஒரு புள்ளி மேல ஏறி வரும். அதே சமயம், எப்பவும் அணைஞ்சு அணைஞ்சு எரியற இந்தச் சிவப்பு லைட்டு வேகமா படபடன்னு அடிச்சு, வர்றவனையும் தட்டி எழுப்பிடும்."

"இப்படி விட்டு விட்டு எரியற லைட்டுக்குச் சட்டத்துல இடம் இருக்கா?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

அந்தப் பதிலுக்காகவே விளக்கை விட்டுவிட்டுக் கதையை எடுத்துக்கொண்டு வந்தேன். சைக்கிளும் வாங்கவில்லை. தொப்பை அப்படியே இருக்கிறது. கதைதான் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வருகிறது.

2

முதல் தொடக்கம்: 'அதிகாலை இருட்டில் ஒரு சிவப்பு நட்சத்திரம்...'

(அடித்துவிட்டேன். வார இதழில் நட்சத்திரம் என்று ஆரம்பித்தால், ஜோசியப் பக்கம் என்று நினைத்து ஆர்வமாகப் படித்து ஏமாறுவார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: 'டுமீல்!'

("சைக்கிள் கதையில துப்பாக்கி எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள். பழக்கதோஷம் என்றேன்.)

மூன்றாம் தொடக்கம்: 'அவள் பேரழகி. அவளுடைய

(இதை மனைவி பார்ப்பதற்கு முன்பே அடித்தாகிவிட்டது.)

நான்காவதாக வந்தவள்தான் நிலைத்தாள். பல்செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் அடுக்கி, ஈறுக்கு நிறம் கொடுத்து, சின்ன மோட்டாரில் தேய்த்து மெருகேற்றுவாள். அவள் கைபட்ட கடவாய்ப்பல் யார் வாயிலும் உறுத்தாது என்பதால் பட்டறையில் அவளுக்குப் பெயரே 'கடவாய்' என்று ஆகிவிட்டது. எதிர்த்துப் பேசும் வாயும் ஒரு காரணம் என்பார்கள்.

அவளுக்கு இடது காது செத்துவிட்டது. வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது, தெரியவும் விடமாட்டாள். இடது பக்கம் நின்று யாராவது பேசினால் தலையை ஆட்டிவிடுவாள். அது போதும், உலகம் திருப்தியாகப் போய்விடும். ஒருமுறை முதலாளி இடது பக்கம் நின்று ஏதோ கேட்டார், ஆட்டினாள். விளைவு: பல்லெல்லாம் கொட்டிப்போன ஒரு பெரியவருக்குப் பதினெட்டு வயதுப் பையனின் வெள்ளைப் பற்கள். பெரியவர் அன்றிலிருந்து வாயை மூடவில்லை. வீட்டில் இருந்தவர்கள்தான் பாவம்.

நாளெல்லாம் இப்படித் தலையாட்டுகிறவளுக்குக் கழுத்து ஓய்வெடுக்கும் நேரம் ஒன்றே ஒன்று. வீட்டிலிருந்து பட்டறைக்குச் சைக்கிள் மிதிக்கும் நேரம். அப்போது யாரும் அவளிடம் பேசுவதில்லை. எதையும் கேட்டதுபோல் நடிக்க வேண்டியதில்லை.

ராடார் விளக்கை மாட்டியவர் வீட்டுக்காரர்.

"இத பாரு. வண்டி வர்றது உனக்கும் தெரியணும், நீ போறது வர்றவனுக்கும் தெரியணும். ரெண்டும் இருந்தா சைக்கிள். இல்லேன்னா நாளையிலேர்ந்து பஸ்."

பஸ்ஸில் பேச ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் இடது பக்கம்தான் வந்து உட்காருவார்கள் என்பது அவள் அனுபவம். எனவே விளக்கை உயிர்போலப் பார்த்துக்கொண்டாள்.

3

இங்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது. வக்கீல் நண்பரைக் கேட்டேன். "ஊருக்கு ஊர் மாறும்பா. சைக்கிள்னா ஒண்ணு, கார்னா ஒண்ணு. எதையாவது எழுதி என் பேரைப் போட்டுடாதே" என்றார். சரி என்று நானே இயற்றினேன்:

'வாகனத்தின் பின்விளக்கு சிவப்பாகவும் விடாமலும் எரிய வேண்டும். விட்டு விட்டு எரியும் விளக்கு ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் காவல் வண்டிக்கும் மட்டும்.'

(கம்பீரமாக இருக்கிறதல்லவா? விவாதம் இல்லை, வெளிநடப்பு இல்லை, ஒரு வாய்க் காப்பியோடு நிறைவேறிய சட்டம். உங்கள் ஊரில் இதை யாரிடமும் மேற்கோள் காட்டி உதை வாங்க வேண்டாம்.)

சிக்னலில் சிவப்பு. கடவாய் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றாள். போக்குவரத்துக் காவலர் (முதலில் மீசை வைத்தேன், மிரட்டுவது போல் இருந்தது, எடுத்துவிட்டேன், இப்போது யாரோ திட்டி அனுப்பியவர்போல் இருக்கிறார், இருக்கட்டும்) இடது பக்கமாக வந்தார்.

"ஏம்மா, பின்னாடி மினுக்கிக்கிட்டு இருக்கே, பாக்கலையா?"

வலது காதுவரை சுற்றி வந்ததே பெரிது. ஒரு சொல்தான் விழுந்தது. விழக்கூடாத சொல்.

"யாரு மினுக்குறா? நானா? பல்லுப் பொடி அப்பிக்கிட்டு வேலை பாக்கறவ சார் நானு! கண்ணாடி பாத்தே வாரமாச்சு. மினுக்கறேனாம்ல!"

பக்கத்து ஸ்கூட்டர்காரர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி ஒரு தடவை பார்த்துவிட்டு, மரியாதையாக இறக்கிக்கொண்டார்.

காவலர் தொண்டை கிழியக் கத்தினார். "லைட்டைச் சொன்னேம்மா! லைட்டு! வர்றவன் போறவன் எல்லாரையும் பாத்துக் கண்ணடிக்குது!"

"கண்ணடிச்சா என்ன? நான் போறது தெரியணும்ல?"

"தெரியட்டும், விடாம எரிஞ்சு தெரியட்டும். சட்டம் அப்படித்தான். லைட்டு விடாம எரியணும்."

"இதுவும் விடாமத்தானே சார் கண்ணடிக்குது! வீட்டுல கிளம்பினதுலேர்ந்து ஒரு நிமிஷம் நிறுத்தலையே!"

காவலர் விளக்கு அணைவதை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு, "விடாம எரியறது வேற, விடாம அணையறது வேற" என்றார். அவருக்கே திருப்தியாக இல்லை. "வண்டின்னா வண்டிக்கு உண்டான சட்டம்தான்."

"கடை வாசல்ல நிறுத்தினா, 'சைக்கிளெல்லாம் ஒரு வண்டியா, எடு எடு'ங்கறீங்க. லைட்டுன்னு வந்ததும் வண்டியாயிடுச்சா?"

(இந்த வரியை எழுதியதும் எழுந்து கூடத்தில் இரண்டு சுற்று நடந்தேன். "என்ன, ஒரு வரி உருப்படியா வந்துடுச்சா?" என்றாள் மனைவி. முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறாள். அடிக்கடி நடக்காததால் அடையாளம் தெரிகிறது.)

4

ஒரு சந்தேகத்துக்குக் கடைக்காரருக்கு ஃபோன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

"பட்டனை ஒரு தட்டு தட்டினா நிலையா எரியும் சார். ராடார் அது பாட்டுக்கு வேலை செய்யும். திரையில புள்ளியும் வரும்."

கதை பஞ்சர். ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகவேண்டியவளை நான் எதற்கு நடுரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறேன்?

மனைவிதான் ஒட்டுப் போட்டாள். "பாதிதானே சரியாச்சு? வண்டி வர்றது அவளுக்குத் தெரியும். ஃபோனை நோண்டிக்கிட்டே வர்றவனுக்கு அவளை யாரு காட்டறது? அவ புருஷன் ரெண்டும் வேணும்னான்ல. பட்டனைத் தட்டினா பஸ்ஸுதான்."

ஆக, கடவாய் இப்போது இழக்கப்போவது விளக்கை அல்ல, அந்தச் சைக்கிள் நேரத்தை. சரி, முடிவுகள்:

அ) பட்டனைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறாள். பின்னால் ஒரு லாரி

("லாரி கீரின்னு கொண்டு வந்தீங்க, இந்த வீட்டுல காப்பி கிடையாது." லாரி திருப்பி அனுப்பப்பட்டது.)

ஆ) காவலர் திடீரென்று கண்கலங்குகிறார். அவருடைய மகளுக்கும் காது கேட்காது.

(இருபது வருஷமாக என் குடும்பம் நடப்பதே இந்த முடிவில்தான். எத்தனை காவலர்களுக்கு, எத்தனை வில்லன்களுக்கு அவசர அவசரமாக ஒரு மகளைப் பெற்றுக்கொடுத்திருக்கிறேன்! இவராவது பிரம்மச்சாரியாக இருந்துவிட்டுப் போகட்டும்.)

இ) சட்டத்தைத் திருத்திவிடுவது. நான் இயற்றியதுதானே? பேனாவை எடுத்தேன். 'காது கேளாதவர்களின் சைக்கிளுக்கு விலக்கு உண்டு' என்று ஒரு வரி. எழுதியதும்தான் உறைத்தது: அந்த விலக்கைப் பெற அவள் வாய்திறந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சட்டத்தை எழுதுகிறவனுக்கு ஒரு வரி. அவளுக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை.

அடித்துவிட்டேன்.

5

காவலர் குனிந்து விளக்கைப் பார்த்தார். குனிந்தபடியே, இடது பக்கமிருந்து, இந்த முறை கத்தாமல், ஏதோ சொன்னார். கடவாய்க்குத் தொப்பி மட்டும் தெரிந்தது. உதடு தெரியவில்லை.

'சைக்கிளை ஸ்டேஷன்ல விட்டுட்டுப் போங்க' என்று இருக்கலாம். 'இந்தத் தடவை போங்க' என்றும் இருக்கலாம். 'இதை எங்கே வாங்கினீங்கம்மா' என்றுகூட இருக்கலாம்.

அவள் தலை பழக்கப்படி ஆடத் தொடங்கியது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரியாமலே பாதிவரை இறங்கிவிட்டது. அங்கே நிறுத்தினாள்.

"சார்."

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க சொன்னது விழலை. இந்தக் காது எனக்குக் கேக்காது. சுத்தமா." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்குத்தான் இந்த லைட்டு. என்ன சொல்றதா இருந்தாலும் இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. கேட்டுட்டுப் பதில் சொல்றேன்."

ஸ்கூட்டர்காரர் வேறெங்கோ பார்த்தார். காவலர் முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம் வந்தார்.

அவர் வாயில் நான் வைத்த வசனங்களை நீங்களே பார்த்தீர்கள். விடாமல் எரிவது, விடாமல் அணைவது. இதற்கு மேல் என்னை நம்பாதீர்கள். அடுத்ததை நீங்கள் சொல்லுங்கள்.

சிக்னல் பச்சையாகிவிட்டது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.