கன்னத்தைப் பற்றி ஒரு வரி

என் மகள் மனார் கோபித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு நாளாகியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் அவள் புருஷன் ஹைதம் தன் தாய்மாமனை அழைத்துக்கொண்டு சமாதானம் பேச வருவதாகச் சொல்லியிருந்தான். எங்கள் ஷுப்ராப் பேட்டையில் இது ஒன்றும் புதிதில்லை. பெண் கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்கு வருவாள். மாப்பிள்ளை இனிப்புப் பெட்டியோடு பெரியவர் ஒருவரைக் கூட்டி வருவான். எல்லோரும் டீ குடிப்பார்கள். பெண் முகம் கழுவிக்கொண்டு கிளம்புவாள். எங்கள் மாடிப்படியில் நான் பார்க்கவே பத்து ஜோடி அப்படி இறங்கிப் போயிருக்கிறது. மனாரும் சாயங்காலம் போய்விடுவாள், போகட்டும் என்றுதான் முயல்கறி சமைத்து முலூகியாக் கீரையும் வைத்தேன்.

என்ன சண்டை என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, சும்மா சண்டை" என்றாள். நானும் தோண்டவில்லை. முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவள் நான். யார் வந்து நின்றாலும் "அடுத்த கவுண்டர்ல கேளுங்க" என்று சொல்லிப் பழகிய வாய் இது. பெற்ற மகளிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் டிவியில் 'கோபக்காரச் சீமாட்டி' போட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படம். வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை போடுவார்கள், ஏழெட்டுத் தடவையும் நாங்கள் பார்ப்போம். பாஷா பட்டம் வாங்கிய பணக்காரப் பிரபுவின் மகள் மகா திமிர் பிடித்தவள். அவளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஓர் ஏழை வாத்தியார் வருகிறான். நைலில் படகில் போகும்போது அவள் அவனைக் கேலி செய்ய, அவன் பளாரென்று ஓர் அறை விடுகிறான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கண்களைப் படபடவென்று அடித்து, அந்த நொடியே அவன்மேல் காதல் கொள்கிறாள். நாற்பது வயலின்கள் ஒரே நேரத்தில் வாசிக்கின்றன.

அந்தக் காட்சி வந்தால் என் கணவர் ஃபிக்ரியால் உட்கார்ந்திருக்க முடியாது. பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், சோபாவிலிருந்து எழுந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கதாநாயகனோடு சேர்ந்து சொல்வார்: "இது உன் திமிருக்கு! மீதி என் காதலுக்கு!" சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் தட்டி அறைச் சத்தம் கொடுப்பார். அடுத்து என் முறை. கன்னத்தில் கை வைத்து இமைகளைப் படபடக்க வேண்டும். சொந்தக்காரர்கள் கூடிவிட்டால் அதற்குப் பின்னாலேயே என் காபிக் கதையும் வந்தாக வேண்டும்.

காபிக் கதை இதுதான். கல்யாணமான முதல் வருஷம். அவருடைய நண்பர்கள் வந்திருந்தார்கள். நான் கொண்டுவந்த காபியில் நுரையே இல்லை. எங்கள் ஊரில் நுரையில்லாத காபியைக் கொடுப்பதும், வந்தவர்களை வாசலோடு அனுப்புவதும் ஒன்று. அவர் எல்லோர் எதிரிலும் குறை சொன்னார். "நுரை உங்க வாயில தள்ளுதே, அது போதாதா?" என்றேன் நான். நண்பர்கள் போனதும் விழுந்தது ஓர் அறை. நான் படத்தில் வருகிறவள் மாதிரியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைப் படபடவென்று அடித்தேனாம், அவர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாராம், அன்றிலிருந்து என் காபியில் நுரை தவறியதே இல்லையாம். இதை நான் கைகாலை ஆட்டிச் சொன்னால் இழவு வீட்டில்கூடச் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் கை ஓங்கியதில்லை என்பது கதைக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமையும் அவர் எழுந்தார், வசனம் சொன்னார், கையைத் தட்டினார். நான் சமையலறைக் கதவில் நின்றபடி இமையைப் படபடத்தேன். சோபாவில் இருந்த மனார் எழுந்து என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சுர்ரென்றது. பின்னாலேயே போனேன்.

"என்னடி இது? உங்கப்பா ஆசையா நடிக்கறாரு, மூஞ்சியைத் திருப்பிட்டு வர்றே. எதுக்கெடுத்தாலும் கோவமா?"

"இந்தப் பக்கம் வந்து பேசும்மா. அந்தக் காது சரியாக் கேக்கல."

"ஏன், சளியா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பில் நெய்யில் பூண்டு பொரிந்துகொண்டிருந்தது.

"கல்யாணமாகி ரெண்டாம் மாசம் ஆரம்பிச்சுது," என்றாள். "மொதத் தடவை வீட்டுச் சாவியை எங்கியோ வெச்சுட்டேன், அதுக்கு. அப்புறம் எதுக்கெதுக்கோ. போன வாரத்திலேர்ந்து காதுல ரீங்காரம் நிக்கல."

"ரெண்டு வருஷமாவா? பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே! எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்னடி?"

"என்னன்னு சொல்றது? என் கல்யாண மருதாணி அன்னிக்கு நீ அந்தக் காபிக் கதையைச் சொன்னே. எல்லாரும் வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். எனக்கும் இது கொஞ்ச நாள்ல வேடிக்கைக் கதையா மாறிடும்னு காத்துட்டிருந்தேம்மா. மாறவே மாட்டேங்குது."

நான் பூண்டை எடுத்துக் கீரையில் கொட்டினேன். கொட்டும்போது "ஹா" என்று மூச்சை இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் முலூகியாவுக்கு ருசி வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் இழுக்கவில்லை. மூச்சு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

"இன்னிக்கு நீ போன்னு சொன்னா நான் போயிடறேன்," என்றாள் மனார். "அழ மாட்டேன், சண்டை போட மாட்டேன். ஆனா அதை நீதான் சொல்லணும்."

வாசல் மணி அடித்தது.

ஹைதமைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். உள்ளே வந்ததும் ஃபிக்ரியைக் கட்டிக்கொண்டான், என் கையை எடுத்து முத்தமிட்டான், "அத்தை, வாசனை தெருமுனை வரைக்கும் வருது" என்றான். இத்தனை நாளும் இதற்கெல்லாம் உருகியவள்தான் நான். அவன் தாய்மாமன் ஹாஜி மஹ்ரூஸ் பஸ்பூசா இனிப்புப் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு சோபாவில் பாதியை நிறைத்து உட்கார்ந்தார். நான் டீ கொடுத்தேன். மனார் சமையலறைக் கதவோரம் வந்து நின்றாள்.

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சீமாட்டி கோபித்துக்கொண்டு அப்பன் வீட்டுக்குப் போய்விடுகிறாள். வாத்தியார் பால்கனிக்குக் கீழே நின்று மன்னிப்புப் பாட்டுப் பாடுகிறான். நேரம் பார்த்தது போல அந்தப் பாட்டே வந்தது. ஹைதம் விடுவானா? சட்டென்று மனார் எதிரில் ஒரு முழங்காலை ஊன்றி, கையை நீட்டி, கூடவே பாட ஆரம்பித்தான். நல்ல குரல் வேறு.

"அடிச்ச கை அழுவுது, அதைக் கொஞ்சம் பாரேன்…"

ஹாஜி தொடையில் தாளம் போட்டார். ஃபிக்ரி கை தட்டினார். வாழ்க்கை முழுக்க அந்தப் பாட்டுக்குக் கை தட்டிய மனிதர், அவருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், எனக்கே அரை மணி முன்னால்தான் தெரியும். நூறு தடவை கேட்ட பாட்டை நான் அன்றைக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன். மூன்று சரணம். கை அழுகிறது, விரல் தூங்கவில்லை, மோதிரம் ஏங்குகிறது. கன்னத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

மனார் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வர ஆரம்பித்தது. அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடையது.

"அப்படிச் சிரிம்மா!" என்ற ஹாஜி என் பக்கம் திரும்பினார். "மனாரம்மா, உங்க காபிக் கதை ஒண்ணு இருக்காமே? மாப்பிள்ளை சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அதைச் சொல்லுங்க, பொண்ணு கேட்டுட்டுக் கெளம்பட்டும்."

"சொல்றேன்," என்றேன்.

எப்போதும் நின்றுகொண்டு சொல்வேன். அன்று உட்கார்ந்து சொன்னேன்.

"காபியில நுரை இல்ல. இவரு கொறை சொன்னாரு, நான் பதில் சொன்னேன், அடிச்சாரு. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நான் கண்ணை ஒண்ணும் படபடன்னு அடிக்கல, ஹாஜி. எனக்குக் கண்ணே தெரியல. இவரு வெளிய போனதும் ட்ராம் ஏறி எங்கப்பா வீட்டுக்குப் போயிட்டேன்."

ஃபிக்ரி தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"எங்கப்பா என்னை செருப்பைக்கூடக் கழட்ட விடல. 'அந்தப் படத்துல அவ என்ன, அப்பன் வீட்டுலயே தங்கிட்டாளா? நட'ன்னாரு. அதே ட்ராம்ல கூட்டிட்டு வந்தாரு. தெருமுனைக் கடையில சில்லுனு ஒரு கிளாஸ் கரும்புச் சாறு வாங்கி, குடிக்கறதுக்கு இல்ல, கன்னத்துல வெச்சுக்கோன்னு குடுத்தாரு. செவப்பு எறங்கற வரைக்கும் கூடவே நின்னாரு. அப்புறம் அவரு போயிட்டாரு, நான் மாடியேறி வந்து பருப்பு வேக வெச்சேன். சாயங்காலம் இவரு வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிட்டாரு. ஒரு வருஷம் கழிச்சு இவருதான் நாத்தனார் வீட்டுல இதை வேடிக்கையாச் சொன்னாரு. நான் சிரிச்சுட்டேன். சிரிச்சா அது என் கதைன்னு ஆயிடும், இல்லன்னா அது வெறும் அடிதானே. அதனால சிரிச்சேன். முப்பத்திநாலு வருஷம் சொல்லியாச்சு. எம்பொண்ணுக்கு அவ மருதாணி அன்னிக்குக்கூடச் சொன்னேன்."

டிவியில் பாட்டு முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஹைதம் முழங்காலிலிருந்து எழுந்து பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"எம்பொண்ணு வரமாட்டா," என்றேன்.

"அத்தை, ஏதோ கோவத்துல ஒரு தடவை…"

"எத்தனை தடவைன்னு அவளையே கேக்கட்டுமா? உங்க மாமா எதிர்லயே?"

அவன் மாமனைப் பார்த்தான். ஹாஜி தொண்டையைச் செருமினார்.

"பொம்பளைங்க பேச்சை விடுங்க. சம்பந்தி, நீங்க சொல்லுங்க. பொண்ணை அனுப்பறீங்களா, இல்லியா?"

எல்லோரும் ஃபிக்ரியைப் பார்த்தோம். நானும் பயந்துகொண்டேதான் பார்த்தேன். அவர் என் கதைக்கு உள்ளேயே இன்னும் நின்றுகொண்டிருந்தார் போலிருந்தது. கடைசியில் எழுந்து டிவியை அணைத்தார். மனாரிடம் போனார்.

"எத்தனை தடவைம்மா?"

"எண்ணலப்பா," என்றாள் அவள்.

ஃபிக்ரி பஸ்பூசாப் பெட்டியை எடுத்து ஹாஜியின் மடியில் வைத்தார்.

"பொண்ணு இங்கதான் இருக்கும்."

இரண்டு பேரும் போனார்கள். படியிறங்கும்போது ஹாஜி சத்தமாக என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனார். எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. நாளைக்குத் தெரு முழுக்கப் பேசும், பேசட்டும் என்று கதவைச் சாத்தினேன். மனார் கதவுச் சட்டத்தை இன்னும் விடவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு போய்விட்டது, அவள் முகம் அவள் முகமாகவே இருந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் என்று கேட்டால் முதலில் என்மேல்தான்.

ஃபிக்ரி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீ அன்னிக்கு உங்கப்பா வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியாது, இன்ஷிராஹ்," என்று என் பேரைச் சொன்னார்.

"தெரியாது. நான் சொல்லல."

அவர் நிமிர்ந்து கேட்டார்.

"அவரு கூட்டிட்டு வரலைன்னா, நீயா வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம் வந்தால் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற மனிதர். இத்தனை வருஷத்தில் நான் இவரை நேசித்ததும் பொய்யில்லை. ஆனால் மனார் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்க மாட்டேன்," என்றேன்.

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மனசு உடைந்தால் பக்கத்தில் போய் உட்காருவது என் வழக்கம். அன்று நான் போகவில்லை. என் மகளிடம் போய் நின்றுகொண்டேன்.