யார் மூத்தவள்

பிறந்தது இரட்டையாக என்றாலும், கொஞ்சம் முந்திக்கொண்ட பியட்றிஸ்தான் அக்கா. புதுவருடப் பூசை முடிந்ததும் இளையவள் றேணுகாவின் நெற்றியில் சிலுவை போடுவது அவள் உரிமை. இந்த வருடம் அதில்தான் குழப்பம்.

பேராதனையில் பௌதிகவியல் படிக்கும் றேணுகாவின் மகள் ஜெஸ்மின் சொல்லியிருந்தாள்: “பூமியோட இழுப்புக்குக் கிட்ட இருந்தா நேரம் மெதுவா ஓடும்மா. மலைக்கு மேல கொஞ்சம் வேகமா ஓடும்.”

கல்யாணமானதிலிருந்து றேணுகா இருப்பது ஹந்தானை மலை உச்சியில். அக்கா கீழே கண்டி டவுனில்.

“அப்ப வயசில நான் அவளை முந்திட்டேனா?”

“ஒங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் கண் சிமிட்டுற நேரம்கூட வராதும்மா.”

கொஞ்சமோ நஞ்சமோ, முந்தியது முந்தியதுதானே? அக்கா வீட்டுக்கு பஸ்ஸில் மலை இறங்கி வரும்போது இன்னொரு சந்தேகம். ஓட்டத்தில் இருப்பவர்களுக்கும் நேரம் மெதுவாகுமாம். இந்த பஸ் ஓடுகிற லட்சணத்துக்கு அது செல்லுமா? றேணுகாவுக்குத் தலை சுற்றியது.

கதவைத் திறந்த பியட்றிஸின் தலை முழுக்க நரைத்திருந்தது. கணவன் செத்த பிறகு அந்த வீட்டில் அவள் தனி.

“கீழ நேரம் மெதுவாத்தான் போகுமாம். ஒனக்கு எப்படிக்கா இவ்வளவு நரை?”

“மெதுவாப் போனதாலதான்டி” என்றாள் பியட்றிஸ்.

றேணுகா குனிந்து நெற்றியைக் காட்டினாள்.