பதினோராவது திட்டு

மலச்சிக்கலைப் பற்றி ஒரு டாக்டர் முந்நூறு பக்கம் எழுதியிருந்தார். அந்தப் புத்தகத்துக்கு அட்டை வரைய வேண்டியவளுக்கோ எட்டு மாதமாக ஒரு கோடுகூட வரவில்லை.

"ரெண்டும் ஒரே வியாதிதான் அண்ணி. மருந்து புத்தகத்துக்குள்ளயே இருக்கும், படிச்சுப் பாருங்க" என்றாள் நாத்தனார், போனில்.

பதிப்பாளர் அவளை அட்டைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார். இருபது வருடப் பழக்கம். இரண்டு தடவை கெடு தள்ளிப்போட்டார், இரண்டு தடவையும் கத்தினார். மூன்றாவது தடவை கத்தவில்லை. "வியாழன் மதியத்துக்குள்ள வரலைன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்மா. நீங்க ஓய்வெடுங்க" என்றார். அந்தக் கனிவுதான் அவளைப் பயமுறுத்தியது. இதுவும் வராவிட்டால் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டு, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் காலியாக இருந்த வேலைக்குப் போய்விடுவது என்று தீர்மானித்துவிட்டாள். விண்ணப்பத்தைக்கூட நிரப்பி வைத்திருந்தாள். அந்தப் படிவத்தில் அச்சாகியிருந்த எழுத்துகள் கண்கொண்டு பார்க்க முடியாத லட்சணத்தில் இருந்தன. அதைப் பார்த்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. நிலைமை அவ்வளவு மோசம்.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் லிங்க் அனுப்பினார்கள். களைத்துப்போன கலைஞர்களுக்குப் பன்னிரண்டு வழிகள், நிறம் பொருத்தித் தரும் தளம், இலவச எழுத்துருக்கள், மூச்சு விடக் கற்றுத்தரும் செயலி. இத்தனை வருடம் அவள் விட்டதெல்லாம் மூச்சில் சேர்த்தி இல்லை போலும். எல்லாவற்றையும் 'பயனுள்ளவை' என்று ஒரு ஃபோல்டரில் போட்டாள். திங்கட்கிழமை முழுக்க அதை வகைவாரியாகப் பிரித்தாள். செவ்வாய்க்கிழமை அந்த ஃபோல்டருக்கு நிறம் தேர்ந்தெடுத்தாள். வேலை செய்த மாதிரியே களைப்பாக இருந்தது.

அத்தனை லிங்கில் ஒன்றுகூட அவளைத் திட்டவில்லை. குறை அதுதான்.

அவளும் கணவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து அட்டை வரைந்தவர்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதலில் ஒருவர் வேண்டுமென்றே ஒரு கேவலமான அட்டை போட வேண்டும், உலகத்திலேயே கேவலமானதாக. மற்றவர் அதை அச்செடுத்து, பின்பக்கத்தில் பத்துத் திட்டு எழுத வேண்டும். ஏழெட்டுத் திட்டுக்குள் உண்மையான அட்டை எங்கிருந்தாவது எட்டிப் பார்த்துவிடும். பெரும்பாலும் அவள் போடுவாள், அவர் திட்டுவார். திட்டுவதில் மனிதர் மகா ரசிகர். "இந்தத் தலைப்பு சட்டை மாட்டாம வாசலுக்கு வந்துடுச்சு" என்று ஒரு முறை எழுதியிருந்தார்.

எட்டு மாதம் முன்பு, பாதி முகம் சவரம் செய்த நிலையில், குளியலறையில் விழுந்து போய்விட்டார். எதையும் அரைகுறையாக விட்டுப் போகிற பழக்கம் அவருக்கு எப்போதுமே உண்டு. அன்றிலிருந்து அந்தக் கதவைச் சாத்தாமல் ஒரு வாளியை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்திருந்தாள்.

புதன் காலையில் நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். குழந்தைகள் வார்டில் நர்ஸ். நோயை விசாரிக்கும் முன்பே ஊசியை எடுத்துவிடுகிற கை.

"நீங்க கேவலமா ஒண்ணு போடுங்க அண்ணி. அண்ணனுக்குப் பதிலா நான் திட்டறேன். பசங்களோட அப்பா அம்மாவையே திட்டறவ நான், ஒரு அட்டையத் திட்ட மாட்டேனா?"

அட்டைக்காரி மனமில்லாமல் உட்கார்ந்தாள். தங்க நிறத்தில் ஒரு கழிப்பறைப் பீடம், அதன் பின்னால் சூரியோதயம், மேலே புறா, ஓரத்தில் ரோஜா, ஏழு வகை எழுத்துரு. அச்செடுத்து நீட்டினாள்.

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"நல்லாத்தானே இருக்கு!"

"என்னடி சொல்ற?"

"சத்தியமா அண்ணி. இதையே அனுப்பிடலாமே?"

"கக்கூசுக்குப் பின்னாடி சூரியன் உதிக்குது, அது உனக்கு நல்லா இருக்கா?"

"காலைல போற எடந்தானே?"

"அந்தப் புறா?"

"நிம்மதி."

"ரோஜா எதுக்கு?"

"வாசனைக்கு!"

அட்டைக்காரிக்கு எட்டு மாதத்தில் முதல் முறையாக ரத்தம் கொதித்தது. தாளைப் பிடுங்கித் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "பீடமா இது, சிம்மாசனம். யாருக்குப் பட்டாபிஷேகம்? ஏழு எழுத்தும் ஏழு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நிக்குது. இந்த ஆரஞ்சு கண்ணுல காறித் துப்புது." ஒன்பது ஆயிற்று. குரல் ஏறிவிட்டது.

"எல்லாத்தையும் விடு, இதுல ஆளு எங்கடி? உள்ள ஒருத்தர் உக்காந்திருக்கார். வெளிய வீடே நிக்குது. எல்லாருக்கும் அவசரம். கதவைத் தட்டி, உள்ள என்ன குடித்தனமா நடத்தறீங்கன்னு..."

பேனா நின்றது. அவர் விழுந்த அன்று காலையும் கதவைத் தட்டி அதைத்தான் கேட்டிருந்தாள். பதில் வரவில்லை.

நாத்தனார் குளியலறைப் பக்கம் திரும்பாமல் சொன்னாள்: "அண்ணன் உள்ள போனா எப்பவும் அரை மணிதான். நான் ஸ்கூலுக்கு லேட்டான நாளெல்லாம் அதனாலதான். நானும் அதையேதான் கேப்பேன். எங்க அம்மாவும்."

பிறகு அட்டைக்காரி எழுந்து போய் வாளியை நகர்த்தினாள். கதவைச் சாத்தினாள். எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கதவைப் பார்த்து வரைந்தாள். சாத்திய கதவு, அடியில் ஒரு கோடு வெளிச்சம். வெளியே வரிசையாக மூன்று ஜோடிச் செருப்பு. தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில், சின்ன எழுத்தில் தலைப்பு.

வியாழன் பதினோரு மணிக்குப் பதிப்பாளர் கூப்பிட்டார். "டாக்டர் சிரிச்சுட்டார்மா. அவருக்குப் பல்லு இருக்கறதே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தலைப்பை மட்டும் கொஞ்சம் பெரிசு..."

"முடியாது."

"இல்லம்மா, கடைக்கு வர்றவங்க கண்ணுல..."

"கண்ணாடி வாங்கிக்கச் சொல்லுங்க."

"இது என்ன புத்தகமா, உங்க வீட்டுச் சுவரா?" என்று பதிப்பாளர் கத்தினார். அவள் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டாள்.

போனை வைத்துவிட்டு, விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பழைய திட்டுத் தாள்கள் அடுக்கிய இழுப்பறையைத் திறந்தாள். புதியதை உள்ளே வைக்கும் முன் திருப்பிப் பார்த்தாள். பத்தாவது திட்டுக்குக் கீழே நர்ஸின் கோழிக்கிறுக்கலில் இன்னொரு வரி இருந்தது. '11. எனக்குப் பிடிச்சிருக்கு.'

அந்தத் தங்கப் பீட அட்டையை இதைவிடக் கேவலமாக யாரும் திட்டியிருக்க முடியாது. தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து இழுப்பறையை மூடினாள்.