முழுகாமல் என்று ஒரு சொல்

1

இந்தக் கதை என் கையிருப்பு இல்லை கண்ணுகளா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்க்க ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில், நிறைவயிற்றின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்த ஒருத்தி சிரித்துச் சிரித்துச் சொன்னது. "எழுதுங்கம்மா. ஆனா யாரையும் அழ வைக்காதீங்க" என்றாள். அதனால் நான் முதலில் எழுதிய தொடக்கத்தை அடித்துவிட்டேன்:

மூன்று வருடங்களுக்கு முன்பு, மூன்றாம் மாதத்தில் அவள் இழந்த

வேண்டாம். நடந்தது அதுதான், நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். கதை நடக்கும்போது அவளுக்கு மறுபடியும் மூன்றாம் மாதம். அவளையும் கணவனையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

2

அவள் ஒரு தையற்கூடத்தில் கட்டிங் மாஸ்டர். இருபது துணிகளை அடுக்கி, சாக்பீஸால் கோடிழுத்து ஒரே வெட்டாக வெட்டுபவள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் விடாது. பக்கத்து மெஷின்காரி உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணுவாள்: "ஏழு... எட்டு... ஏன்டி நிறுத்திட்ட? ஒம்பதை யாருக்கு வச்சிருக்க?" அவளுக்குத் 'தும்மலு' என்றே பெயராகிவிட்டது.

தும்மலுக்கு வழக்கமாகப் போடும் மாத்திரையை, பிள்ளைக்கு ஆகாதோ என்ற பயத்தில் நிறுத்தி ஒரு வாரம். தூக்கம் போயிற்று. முந்தின நாள் ஒரு தும்மலில் கத்தரி கோட்டைத் தாண்டி, இருபது கைப்பகுதிகளும் பாழ்.

[இங்கே தூசியைப் பற்றி அரைப் பக்கம் அழகாக எழுதியிருந்தேன். படிக்கும்போது எனக்கே மூக்கு அரித்தது. எடுத்துவிட்டேன்.]

3

சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடைக்குப் போனாள். அவளுக்குப் பின்னால், உடன் வேலை செய்பவர்கள் இருவர் நின்றார்கள். குரலைத் தாழ்த்தினாள்.

"தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் ஏதாவது குடுங்கண்ணே. நான்... முழுகாம இருக்கேன்."*

கவுண்டரில் இருந்தவரின் வீட்டில் எல்லோரும் 'கன்சீவ்' என்றே சொல்லிப் பழகியவர்கள். சளிக்காரி குளிக்கவில்லை என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். "நல்லதுதான்க்கா. அப்படியே இருங்க" என்று ஓர் அட்டை மாத்திரையை நீட்டினார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த முறை அவளுக்குக் கிடைத்த முதல் வாழ்த்து அது.

(*தெரியாத பிள்ளைகளுக்கு: மாதாமாதம் தலைமுழுகுவது நின்றிருக்கிறது, அதாவது வயிற்றில் குழந்தை இருக்கிறது. சொல்லவும் வேண்டும், வெளியே தெரியவும் கூடாது என்றால் இதைவிட நல்ல சொல் கிடையாது. கேட்பவருக்கும் தெரிந்திருந்தால்.)

4

அந்த மனிதரைக் கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. கெட்டவராக இருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

"மேடம், இப்ப வந்த அக்கா குளிக்கலையாம். அதையும் மெனக்கெட்டு எங்கிட்ட சொல்லுது!" என்று உள்ளே பார்த்துச் சிரித்தார்.

மருந்துப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்த மருந்தாளுநர் அம்மா நிமிர்ந்தார். "குளிக்கலன்னா சொன்னாங்க? சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"முழுகாம இருக்கேன்னு..."

"அய்யோ! என்ன குடுத்தீங்க? மூணு மருந்து சேர்ந்ததா? மூக்கைத் திறக்க ரத்தக்குழாயைச் சுருக்குற மருந்து அதுல இருக்குய்யா. ஆரம்ப மாசத்துல அது ஆகாது. ஓடுங்க!"

எங்கே ஓடுவது? அவள் கழுத்தில் அளவு டேப் தொங்கியது கவுண்டர்காரருக்கு நினைவு வந்தது. தையற்கூடம் நாலு கடை தள்ளி.

5

வாசலில் நின்று கத்தினார்: "அக்கா, மாத்திரையைப் போடாதீங்க! முழுகாமன்னதை நான் குளிக்காமன்னு நினைச்சுட்டேன்!"

மெஷின்கள் நின்றன. எல்லாருக்கும் முன்னால் மெஷின்காரிக்கு விளங்கியது. "அடியேய் தும்மலு! எங்கிட்டயேவா மறைச்ச?"

இனி மாத்திரை.

முடிவு அ: உள்ளங்கையில் மாத்திரை; ஒரு தும்மல்; அது வெட்டுமேசைக்கு அடியில் உருண்டு போனது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைத் தும்ம வைத்தது நான்.

முடிவு ஆ: ஒன்றை ஏற்கெனவே விழுங்கியிருந்தாள். இதுதான் நடந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மெஷின்காரி தையலை அப்படியே போட்டுவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனாள். "ஒண்ணு போட்டதுக்காக இப்படிப் பயப்படாதீங்க. மேல போட வேண்டாம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "அதுக்காகப் பல்லைக் கடிச்சுட்டுத் தூங்காமலும் கிடக்க வேண்டாம். கேட்டுட்டுப் போட்டுக்கற மாதிரி மருந்து இருக்கு." அவளுக்கு ஏற்றபடி ஒரே மருந்து உள்ள மாத்திரை, மூக்குக்கு உப்புநீர் ஸ்பிரே, வேலை நேரத்தில் முகக்கவசம். எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் அவள் மேசையில் பஞ்சு பறக்கும் துணி ஒன்றுகூட இல்லை. எல்லாம் மெஷின்காரியின் பக்கம் போயிருந்தது. கவுண்டர்காரர் வழியில் பார்க்கும்போதெல்லாம், "முழுகாம நல்லா இருக்கீங்களாக்கா?" என்கிறாராம். புதிதாகக் கற்ற சொல் அல்லவா.

6

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் இன்னும் பொறக்கலையேம்மா!" என்று சிரித்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பிள்ளையை அவள்தான் பெற வேண்டும். அவளுக்கு முந்திக்கொண்டு நான் காகிதத்தில் பெற்றுவைப்பது நன்றாக இருக்காது. 'சொன்னதை அப்படியே சொல்லுங்க' என்று நிமிர்ந்து கேட்ட அந்த அம்மாவுக்கும், தன்னைப் பார்த்து ஊரே சிரிக்கும் என்று யோசிக்காமல் ஓடியவருக்கும் ஒரு கும்பிடு மட்டும் போட்டுக்கொள்கிறேன். மீதிக்கு ஏழு என்று எண் போட்டுக் காலியாக விடுகிறேன்; நீங்கள் வைத்திருங்கள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நான் பார்த்தபோது அவளுக்கு ஒன்பதாம் மாதம். அந்த ஒன்பதை யாருக்கு வைத்திருந்தாள் என்று மெஷின்காரிக்கு இப்போது தெரிந்திருக்கும்.

7