பேசிக்கினே வாங்கம்மா

மூன்று வருஷமாகப் புருஷனோடு ஒரு வார்த்தை பேசாதவளைப் பிடித்து, "அவர்கிட்ட பேசிக்கினே வாங்கம்மா" என்று சொன்னால் அவள் என்னதான் செய்வாள்? குணசுந்தரி ஆம்புலன்ஸுக்குள் முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே துளசிராமன் கிடந்தார். விடியற்காலையில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்தது. திருவாலங்காட்டிலிருந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் இமை சரிந்து, கைகால் விழுந்து, மூச்சும் திணறத் தொடங்கிவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றி, தொண்டையில் குழாய் போட்டு, மூச்சு மெஷினோடு சென்னைக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஏற்றும்போது அவள் தம்பி கோபால் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, "மாமாவுக்கு மூள செத்துப்பூடுச்சிக்கா. பொணத்ததான் இட்டுக்கினு போறோம்" என்றான். அவன் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும்.

நர்ஸ் ஜெனிபர் அவனைக் கீழே இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கும்மிடிப்பூண்டிப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வேலையில் மட்டும் கறார்.

"அம்மா, அவரு மயக்கத்துல இல்ல. இந்த வெசம் சதையத்தான் கட்டிப்போடும், மூளைய தொடாது. இப்படிக் கெடந்து பொழச்சவங்கள கேட்டு எழுதி வச்சிருக்காங்க, நான் படிச்சிருக்கேன். எல்லாமே காதுல விழுந்துச்சாம். பக்கத்துல நின்னு செத்துட்டான்னு பேசினதுகூட."

குணசுந்தரி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி சொன்னதும் அவர் காதில் விழுந்திருக்குமே.

ஜெனிபர் அவர் காதருகே குனிந்தாள். "சார், நான் நர்ஸ் ஜெனிபர். தொண்டையில சளி எடுக்கப் போறேன், கொஞ்சம் கஷ்டமா இருக்கும். கேக்குதுன்னா கால் கட்டை விரல ஆட்டுங்க."

விரல் துளியூண்டு அசைந்தது. விஷம் முழுசாகப் பிடிக்காமல் விட்டுவைத்த இடம் அது ஒன்றுதான். தலைக்குமேல் இருந்த பெட்டி நாடித் துடிப்பு நூற்று முப்பது என்று காட்டியது.

"பயந்துக்கினு இருக்காரு. தூக்க மருந்த கூட்டினா பிரஷர் எறங்கிடும். தெரிஞ்ச கொரல் கேட்டா அடங்கும். பேசுங்கம்மா."

பேசுவதாமே! கழனியில் உழன்றது போதும் என்று மகன் சரவணனை அவருக்குத் தெரியாமல் கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலைக்கு அனுப்பியவள் இவள். அன்றைக்கு நின்றது பேச்சு. சோறு வேண்டுமானால் அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். இவள் தட்டை ணங்கென்று வைப்பாள். ஆனால் திரும்பிப் படுத்திருக்கும் அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம், ஒரே ஒரு தடவை "ஏ சுந்தரி" என்று கூப்பிட மாட்டாரா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். தானே கூப்பிட்டால்தான் என்னவாம்? ரோஷம் விட்டால்தானே.

மணவாளநகர் தாண்டிய பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது. வந்தது திட்டு.

"தரையில படுக்காத, படுக்காதன்னு எத்தினி தபா பாய எடுத்துக் கட்டில்மேல போட்டிருப்பேன்? வாயத் தொறந்து சொல்லலன்னா தெரியாதா உனக்கு? பெரிய ரோஷக்காரரு. இப்ப பாரு, யாரு பேஜாருல கீறது?"

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஜெனிபரைப் பார்த்தாள்.

"நூத்திப்பதினாறும்மா. நிறுத்தாதீங்க, நல்லா திட்டுங்க."

அரண்வாயல் வரைக்கும் திட்டினாள். மாட்டுக்குத் தீவனம் வாங்கியதிலிருந்து மகன் அனுப்பிய சட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காதது வரை ஒன்று விடவில்லை. பிறகு குரல் இறங்கிப்போய்க் கேட்டாள்: "நான் பேசறது கேக்குதாயா? வெரல ஆட்டு."

விரல் அசையவில்லை.

"ஐயோ சிஸ்டர், ஆட்டலியே!"

ஜெனிபர் பதறிப்போய்க் காலருகே வந்தாள். "சார், கேக்குதா?"

அசைந்தது.

"எனக்கும் ஆட்டுயா."

ஊஹூம். ஜெனிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மருந்துப் பையைத் துழாவினாள். குணசுந்தரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு வீம்பைப் பார். வலிக்கத்தான் செய்தது. அவர் அவராகவே இருக்கிறார் என்பதில் உயிரும் வந்தது.

அந்தக் காலை எடுத்து இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவரைத் தொடுகிறாள்.

"சரி, பேசாத. நீ பேசவே வேணாம்யா. ஊட்டுக்கு வந்து, எதிர்ல ஒக்காந்து, நான் போடற சோத்தத் தின்னுக்கினு பேசாம இரு. பேசாம இருக்கறதுக்காச்சும் எனக்கு நீ வேணும்."

தலையைக் குனிந்து சத்தமில்லாமல் அழுதாள். திருமழிசை போய்க்கொண்டிருந்தது. வண்டிக்குள் மெஷின் சத்தம் மட்டும்தான்.

"அம்மா," என்று ஜெனிபர் அவள் தோளைத் தொட்டாள். "அங்க பாருங்க. தொண்ணூத்தாறுல இருந்துச்சு. நீங்க நிறுத்தினதும் ஏறுது."

குணசுந்தரி நிமிர்ந்து பார்த்தாள். நூற்றெட்டு. நூற்றுப் பதின்மூன்று.

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எதைப் பற்றி என்று யோசிக்காமல், அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள்.