அரை மணிக்கு ஒரு தடவை

சட்டைப் பையில் இருந்த மனைவியின் கைப்பேசி மணியடித்தபோது, டிரைவர் அவளுடைய கால்மாட்டில் நின்று போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். முன்னறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏதோ குருவி கத்துகிற மாதிரி ஒரு துள்ளலான மணி. சாவு வீட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாதது. அவர் எடுத்து, கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். 'திருப்பு' என்று ஒரே ஒரு சொல் இருந்தது.

"யாருடா போன்ல?" என்றாள் அக்கா.

"போன் இல்லக்கா. அலாரம்."

"அணைச்சுத் தொலையேன்."

அணைத்தார். ஆஸ்பத்திரியில் நாலு தடவை அணைத்ததும் இதே அலாரத்தைத்தான். அங்கே அதை ஏறிட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை. இப்போது மணி பன்னிரண்டு. அவளைக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தி இன்னும் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "இதோ வந்துடுறேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு அவர் மாடிப்படி ஏறினார்.

பஸ் ஓட்டுவதை விட்டு நாலு வருடமாகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். அவர் மனைவி டாக்டரம்மா. அவள் படித்த படிப்புக்கும் வைத்தியத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பழுப்பேறிப்போன பழைய வீடியோ கேம் பெட்டிகளை வெளுத்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். மஞ்சள்காமாலைக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று யாரோ கிண்டலாகச் சொல்லப்போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று காலை பத்தரை மணிக்கு நிஜ டாக்டர் ஒருவர் கதவைத் திறந்து வெளியே வந்து, அவள் இதயம் நின்றுவிட்டது என்று அவரிடம் சொன்னார். சொல்லும்போது அந்த டாக்டர் தன் கையிலிருந்த கையுறையை உருவிக்கொண்டிருந்தார். அதை மட்டும் இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத இடமாகப் பார்த்து ஒரு அலுமினியத் தட்டை வைத்திருந்தாள். அதில் மகளுடைய கேம் பெட்டியின் மேல்மூடி. உள்ளே இருந்த ஒயர், பலகை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் மூடியில் க்ரீம் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருந்தாள். தாளுக்கடியில் கொப்புளம் கொப்புளமாகக் காற்று புடைத்திருந்தது. வலதுபக்க ஓரத்தில் தாள் விலகி, க்ரீம் காய்ந்து பொருக்காக இருந்தது. காலை ஒன்பதரைக்கு வைத்தது. அதற்கப்புறம் யாரும் திருப்பவில்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை, பொறுமைதான் பெரிது. தலைமுடிக்குச் சாயம் போடுவதற்கு முன்னால் நிறத்தை எடுக்கத் தடவுகிற க்ரீமைப் பூசி, காயாமல் தாள் சுற்றி, வெயிலில் வைக்க வேண்டும். வருடக்கணக்காக வெளிச்சம் பட்டுத்தான் அந்த பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. அதே வெளிச்சத்தில் வைத்துத்தான் மஞ்சளை எடுக்கவும் வேண்டும். முள்ளை முள்ளால்தான் எடுக்கணும் என்பாள். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை திருப்பி வைத்து, க்ரீமைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். விட்டால் காய்ந்த இடம் ஒரு மாதிரியும் காயாத இடம் ஒரு மாதிரியும் வெளுத்து, வரிவரியாக நின்றுவிடும். அந்த வரி ஜென்மத்துக்கும் போகாது. அவள் க்ரீம் வாங்குகிற அழகு நிலையத்துக்காரி, "இவ்வளவு வாங்குறீங்க, தலை பூரா நரையாவே இருக்கேம்மா?" என்று கேட்டதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரே ஒரு தடவை அவரை நம்பி விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருடம் இருக்கும். கல்யாண வீடு ஒன்றுக்குப் போகிறேன், ரெண்டு தடவை திருப்பி வச்சா போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் ஈஸி சேரில் கண்ணயர்ந்துவிட்டார். முப்பது வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்தவர் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்ததில்லை. அன்று மத்தியானம் முழுக்கத் தூங்கினார். அவள் வந்து தாளைப் பிரித்தபோது மூடி முழுக்க வரிக்குதிரை மாதிரி இருந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அதைக் கழுவித் துடைத்து, வரவேற்பறை அலமாரியில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "இது அவரோட கைவண்ணம்" என்று காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதற்கப்புறம் அவள் இந்த வேலையில் அவரிடம் ஒரு உதவியும் கேட்டதில்லை. இன்று காலைதான் கேட்டாள், ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு. அதற்குத் தான் சொன்ன பதிலை அவர் இப்போது நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

தொட்டிச் சுவரில் அவளுடைய கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. வலது கை உறையில் ஆள்காட்டி விரல் நுனி கிழிந்திருந்தது. அவர் போட்டுப் பார்த்தார். நாலு விரல் பாதி வரைக்கும்தான் நுழைந்தது, கட்டைவிரல் நுழையவே இல்லை. இத்தனை சின்னக் கையா என்று இருந்தது. முப்பத்திரண்டு வருடமாகப் பார்க்கிற கை. கையுறையைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு, தாளைப் பிரித்து, காய்ந்த ஓரத்தில் டப்பாவிலிருந்து புதுக் க்ரீமை எடுத்து வெறும் கையாலேயே தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி எரிந்தது. தாளைச் சுற்றி, மூடியைத் திருப்பி வைத்துவிட்டுப் பார்த்தால், ஐந்து விரல் நுனியும் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தன.

அவருக்குப் பயம் வரவில்லை. அவள் விரலிலும் இப்படி ஆகும். முதல் தடவை பார்த்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு நின்றவர் அவர்தான். அவள் கையை உதறிக்கொண்டே, "ரத்தம் ஓடுற உடம்புதானே, அரை மணில தானா போயிடும்" என்றாள்.

பன்னிரண்டரைக்குப் போனார். ஒரு மணிக்குப் போனார். ஒன்றரைக்கு அவர் எழுந்தபோது எதிர்வீட்டுக் கம்பவுண்டர் துணைக்கு எழுந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். இரண்டு மணிக்கு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக அக்காவே ஏறி வந்துவிட்டாள்.

"என்னடா பண்றே இங்க? பொண்டாட்டி கீழ கிடக்கா, நீ என்னமோ குட்டி போட்ட பூனை மாதிரி மேலயும் கீழயும் அலையுறே. ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க."

"திருப்பி வைக்கச் சொன்னாக்கா."

"யாரு?"

"அவதான். பொண்ணோட பெட்டி இது. ஞாயித்துக்கிழமை அவ வர்றப்ப டிவில மாட்டி வச்சிருக்கணும்னு இருந்தா."

அக்கா தட்டைப் பார்த்தாள். ஊர்ப் பெட்டிகளையெல்லாம் வெளுத்த டாக்டரம்மா, மகளுடையதை மட்டும் பதினோரு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தாள். மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு பரணைச் சுத்தம் செய்யும்போது அகப்பட்டது. அதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலையே கற்றுக்கொண்டாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள், இந்தப் பிள்ளை பரணில் மஞ்சளாகவே கிடக்கிறதே என்று அவர் கிண்டல் செய்வார். "இது கெட்டுப்போச்சுன்னா வேற கிடையாதுங்க" என்பாள். அம்மாவும் மகளும் தரையில் ஒரே தலையணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சண்டை போட்டுச் சண்டை போட்டு விளையாடியது அது. அவர் டியூட்டி முடிந்து வந்தால் இரண்டு பேரும் திரும்பாமலேயே "சாப்பாடு மேஜைல இருக்கு" என்பார்கள்.

"எப்ப சொன்னா உங்கிட்ட?" என்றாள் அக்கா.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது."

"நீ என்ன சொன்னே?"

அவர் தாளின் ஓரத்தை அழுத்தி அழுத்தி ஒட்டினார். ஒட்டிய இடத்தையே மறுபடியும் ஒட்டினார்.

"இப்ப அதுவா முக்கியம்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவ பேசவே இல்லக்கா."

அக்கா தொட்டியின் அடித்திண்டில் உட்கார்ந்துவிட்டாள். ஏதாவது சொல்லுவாள் என்று அவர் காத்திருந்தார். சின்ன வயதிலிருந்து அவர் செய்த எந்தத் தப்புக்கும் ஒரு சொல் வைத்திருப்பவள் அவள். இன்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து படி வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"அடுத்தது எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கு."

"நீ பண்ணு. யாராவது கேட்டா, தண்ணி மோட்டார் போடப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன்."

அப்படியே சொன்னாள். நாலாவது தடவை மோட்டார் போடப் போனபோது, "அந்தத் தொட்டிக்கு அடிப்பக்கம் இருக்கா இல்லையா?" என்று கம்பவுண்டர் மெதுவாகக் கேட்டாராம்.

நாலரைக்குக் கடைசியாகத் திருப்பிவிட்டு அவர் இறங்கும்போது வாசலில் டாக்சி வந்து நின்றது. மகள் பையைக்கூட எடுக்காமல் உள்ளே வந்தாள். கட்டிலருகே மண்டியிட்டு, அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். டிரைவர் பின்னால் நின்றார். தோளைத் தொடலாமா என்று கையைக் கொண்டுபோய், எரிகிற விரல்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் போக அவருக்கு எப்போதும் வழி தெரிந்ததில்லை.

மகள் அழுகை ஓய்ந்து அந்தக் கையைக் கீழே வைக்கும்போதுதான் கவனித்தாள். வலது ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் சுண்ணாம்பு தொட்ட மாதிரி இருந்தது.

"அப்பா, அம்மா விரல் ஏன் இப்படி இருக்கு?"

"காலைல க்ரீம் தடவினால்ல, க்ளவுஸ் கிழிஞ்சிருக்கு," என்றார். "ஒண்ணுமில்லம்மா. அரை மணில தானா போயிடும்."

சொல்லி முடித்த பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் அம்மாவின் விரலை விடாமல், நிமிர்ந்து அப்பாவின் கையைப் பார்த்தாள். அவர் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் குருவி மறுபடியும் கத்தியது. இந்தத் தடவை மகளும் கூட வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உட்கார்ந்து, தாளைப் பிரித்தாள். "நீ தொடாத, எரியும்" என்று அவர் வாங்கிக்கொண்டார். தொட்டிக் குழாயைத் திறந்து, க்ரீம் முழுக்கப் போகிற வரைக்கும் அலசி, தன் துண்டால் துடைத்தார். துடைக்கும்போது மூடியை அவர் பார்க்கவில்லை. துடைத்து முடித்து அவளிடம் நீட்டினார்.

மூடி வெள்ளையாக இருந்தது. கடையிலிருந்து வாங்கி வந்த அன்று இருந்த வெள்ளை. வலதுபக்க ஓரத்தில் மட்டும், யாரும் திருப்பாத அந்த இரண்டரை மணி நேரம், விரல் அகலத்துக்கு ஒரு வரியாக நின்றிருந்தது.

மகள் அந்த வரியை மேலிருந்து கீழ் வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"இது உங்க கைவண்ணமாப்பா?"

"ஆமாம்மா" என்றார். அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. தட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். மகள் மூடியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

ஐந்தரைக்கு எடுத்துப் போனார்கள். வண்டியில் அவளுக்கு ஒரு பக்கம் மகளும் மறுபக்கம் டிரைவரும் உட்கார்ந்தார்கள். முன்னால் ஓட்டுகிறவன் இளம்பிள்ளை. வேகத்தடைகளில் பார்த்து ஏற்றி இறக்கவில்லை. மற்ற நாளாக இருந்தால் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். விரல்களில் எரிச்சல் நின்றுவிட்டிருந்தது. கையை விரித்து முழங்கால்மேல் வைத்துப் பார்த்தார். கட்டைவிரலும் அடுத்த மூன்று விரலும் பழையபடி கருத்துவிட்டன. சுண்டுவிரலில் மட்டும், நகத்தை ஒட்டி, கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது.

அவர் விரல்களை மடக்கி, இன்னொரு கையால் அதை இறுக மூடிக்கொண்டார்.